கடைசி ஆட்டமும் ஒரு ஊசி முனையும்

எங்கள் லைனில் ஊசி உடைவது ஒன்றும் புதிது இல்லை. ஆனால் அன்றைக்கு உடைந்தது என் மிஷினில், பர்மிஷன் வாங்கிக்கொண்டு நான் கிளம்பப் போகிற நேரத்தில். கையில் இருக்கிற ஒரு ஜோடியைத் தைத்துவிட்டு எழுந்துவிடலாம் என்று பெடலை மிதித்தேன். டிக் என்றது. என் கதை முடிந்தது.

ஆம்பூரில் ஷூ கம்பெனிக்குப் போகாதவர்களுக்கு இந்த அவஸ்தை புரியாது. நாங்கள் தைப்பது குழந்தைகள் ஷூ. ஊசி உடைந்தால் எல்லாத் துண்டையும் தேடி எடுத்து, ஒரு தாளில் சேர்த்து வைத்து டேப் ஒட்டி, இதோ முழு ஊசி என்று காட்ட வேண்டும். அதுவரை லைன் நிற்கும். ஒருத்தரும் வெளியே போகக் கூடாது. ஏதோ ஒரு தேசத்தில் ஒரு குழந்தையின் காலில் குத்திவிட்டால் என்ன ஆகும்? நியாயம்தான். அந்த நியாயத்தை நாளைக்கு வைத்துக்கொள்ளக் கூடாதா என்றுதான் மனசு கிடந்து அடித்துக்கொண்டது.

வேலூரில் அந்த விண்வெளிப் படத்துக்கு அன்றுதான் கடைசி நாள். ஒரு வாரமாக ஒரே ஒரு ஆட்டம், அதுவும் சாயங்காலம். மறுநாள் பெரிய ஹீரோ படம் வருகிறதாம், தூக்கிவிடுவார்கள். ஆம்பூர்த் தியேட்டர்கள் இந்த மாதிரிப் படத்தைச் சீந்துவதே இல்லை. டிக்கெட் எடுத்து வைத்துக்கொண்டு சஹர் வாசலில் காத்திருப்பாள்.

சஹர் என் பள்ளித் தோழி. வேலூரில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறாள். ஞாயிற்றுக்கிழமை ஆனால் அவள் வீட்டு மாடி, ஒரு போன், ஒரு ஹெட்செட், ஆளுக்கு ஒரு காது, ஏதாவது ஒரு பழைய விண்கலப் படம். விண்வெளியில் வெடிச் சத்தம் கேட்டால் அவளுக்குக் கோபம் வந்துவிடும். "காத்தே இல்ல, சத்தம் எப்டி வரும்?" என்று படத்தை நிறுத்துவாள். "சத்தம் இல்லாம எவ பாப்பா?" என்பேன் நான். படத்தைவிடச் சண்டைதான் ஜாஸ்தி நேரம் ஓடும். கோட்டை மைதானத்துப் பொருட்காட்சியில் அவள் எனக்கு ஒரு குட்டி ராக்கெட் வாங்கித் தந்தாள். பிரிட்ஜில் ஒட்டி வைக்கிற காந்தம். எங்கள் வீட்டில் பிரிட்ஜ் கிடையாது. அதனால் என் ஐடி கார்டு கிளிப்பில் ஒட்டிக்கொண்டு கழுத்தில் தொங்கும். என் பெயர் சங்கீதா என்பது லைனில் பாதிப் பேருக்கு மறந்தே போய்விட்டது.

"இன்னா ராக்கெட்டு, கிளம்புற நேரத்துல ஏழரைய இழுத்துட்டியே" என்று வந்து நின்றார் சூப்பர்வைசர் செல்வகுமார்.

ஊசியின் மேல் துண்டு மிஷினிலேயே இருந்தது. முனையை மட்டும் காணோம். ஐடி கார்டு குறுக்கே குறுக்கே வந்து தொங்கியது. அதை முதுகுப் பக்கம் தள்ளிவிட்டு, மிஷினுக்கு அடியில் புகுந்து காந்தக் கட்டையால் தரையைத் துழாவினேன். தைத்த தோலைப் பிரித்துப் பார்த்தோம். துப்பட்டாவை உதறினேன். பக்கத்து மிஷின் ஜெயம்மாள் அக்கா பேன் பார்ப்பதுபோல் என் தலையைப் பார்த்தாள். எங்கேயும் இல்லை.

"சார், நான் மட்டும் போவட்டா? பர்மிஷன் குடுத்தீங்களே."

"முனையக் காட்டிட்டுப் பறந்து போ. உன்கிட்டதான் ராக்கெட் இருக்குதே."

எல்லோரும் சிரித்தார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சஹருக்குச் சொல்லலாம் என்றால் போன் செக்யூரிட்டியிடம் இருக்கிறது. வேலூர் பஸ் போயிருக்கும். அடுத்த பஸ்ஸும் போயிருக்கும். ஷிப்ட் முடிகிற மணியும் அடித்தது. அப்போது யாரும் சிரிக்கவில்லை.

"ஸ்கூல் விட்டுப் புள்ள வந்து வாசல்ல நிக்கும்" என்று யாரோ முனகினார்கள். லைன் மொத்தமும் என்னையே பார்த்தது. ஊசி மேல், செல்வகுமார் மேல், அந்தப் பெரிய ஹீரோ மேல், எங்கேயோ இருக்கிற அந்தக் குழந்தை மேல்கூட எனக்கு ஆத்திரம் வந்தது. கார்டைக் கழற்றி மேஜை மேல் ஓங்கி அடித்தேன்.

"வெச்சிக்கோங்க சார் உங்க வேலைய!"

ராக்கெட் தெறித்துக் கவிழ்ந்து விழுந்தது. அதன் முதுகில் என்னவோ மின்னியது. குனிந்து பார்த்தேன். ஊசி முனை. உடைந்ததும் வந்து ஒட்டிக்கொண்டு, நான் தேடிய இடத்துக்கெல்லாம் என் கூடவே வந்திருக்கிறது.

"அடிப்பாவி! எங்கள உக்கார வெச்சிட்டு நீயே மாட்டிகினு சுத்தினியா?" என்றாள் ஜெயம்மாள் அக்கா. லைனே இரண்டு பட்டது, சிரிப்பும் திட்டுமாக. செல்வகுமார் மட்டும் சிரிக்கவில்லை. முனையை எடுத்துத் தாளில் ஒட்டி முடித்துவிட்டு, ராக்கெட்டை என்னிடம் நீட்டினார்.

"இது இனிமே உள்ள வரக் கூடாதும்மா."

கேட்டில் போனை வாங்கி சஹரைக் கூப்பிட்டேன். அவள் எடுத்ததும், "படம் எப்டிடி இருக்குது?" என்றேன். நடுவில் எழுந்து வெளியே வந்து பேசுகிறாள் என்று நினைத்தேன்.

"தெரியாது. வாசல்லதான் நிக்கிறேன்."

"உள்ள போவலயா? ஏன்டி?"

"உள்ள போயி யாரு கூட சண்ட போடறது?"

ஊசி உடைந்த கதையைச் சொன்னேன்.

"செம பேஜார்டி. கடைசில எங்கதான் இருந்துச்சி?"

"நீ குடுத்த ராக்கெட்ல."

நன்றாகத் திட்டட்டும் என்று காத்திருந்தேன்.

"அவ்ளோ தூரம் இழுத்துதா?" என்றாள். "கடக்காரன் ஏமாத்திட்டான்னு நெனச்சேன். நல்ல காந்தம்தான்."

"அது ஒண்ணும் இழுக்கல. ஊசி தானா தெறிச்சி வந்து ஒட்டிக்கிச்சி" என்றேன் கடுப்போடு.

"இழுத்திருக்கும்டி."

"இவ்ளோண்டு காந்தம் எப்டிடி இழுக்கும்?"

ராக்கெட்டைக் கையில் இறுக்கிப் பிடித்தபடி, பஸ் ஸ்டாண்டு வரைக்கும் அவளோடு சண்டை போட்டுக்கொண்டே நடந்தேன்.