மட்டையைக் கீழே போடு, லோகு

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அன்றைக்கு நான் அவுட் ஆனதற்கு என் மூன்று அண்ணன்மார்தான் காரணம். அன்னூரில் எங்கள் களத்தில் அவர்கள் ஆடிய கிரிக்கெட்டில்தான் நான் மட்டை பிடிக்கப் பழகினேன். மட்டையைத் தரையில் தட்டிக்கொண்டு நிற்பது, அடித்ததும் மட்டையோடு ஓடுவது, கோட்டுக்கு முன்னாலேயே குனிந்து மட்டையை நீட்டி ரன்னைத் தேற்றுவது, எல்லாம் அவர்களிடம் கற்றதுதான். கோயமுத்தூரில் காலேஜ் சேர்ந்ததும், பேஸ்பால் அணிக்கு ஆள் போதவில்லை என்று பி.டி. மேடம் என்னை இழுத்துப்போட்டது தொண்ணூற்றேழில். அதுவரை அந்த ஆட்டத்தை நான் டிவியில்கூடப் பார்த்ததில்லை.

முதல் மேட்சில் பந்து எப்படியோ மட்டையில் பட்டுவிட்டது. சந்தோஷத்தில் மட்டையைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். முதல் பேஸ் என்று வைத்திருந்த மணல் மூட்டைக்கு இரண்டு எட்டு முன்னாலேயே குனிந்து, மட்டையை நீட்டி மூட்டையைத் தொட்டேன். தொட்டுவிட்டுப் பெருமையாக நிமிர்ந்து வேறு நின்றேன். பந்து வந்து சேர்ந்தது. அம்பயர் அவுட் என்றார்.

"மட்டைதான் தொட்டுருச்சுங்களே!" என்று சண்டைக்குப் போனேன்.

"மட்டை தொட்டாச் செல்லாதும்மா. நீ தொடோணும்" என்றார்.

எதிரணி சிரித்தது, எங்கள் அணி சிரித்தது, வேலிக்கு அந்தப் பக்கம் டீ ஆற்றிக்கொண்டிருந்தவரும் சிரித்தார். மானம் கப்பலேறியது.

மேடம் சிரிக்கவில்லை. "ஃபைனல்ல உனக்கு ஒரு வாய்ப்பு தாரேன். அடிச்சதும் மட்டையக் கீழ போட்டுட்டு ஓடு. மறுக்கா மட்டையத் தூக்கிட்டு ஓடுனீன்னா, மாநிலப் போட்டிக்குப் போற லிஸ்ட்ல உம் பேரு இருக்காது கண்ணு." கண்ணு போட்டுச் சொன்னாலும் மேடம் சொன்னது சொன்னதுதான். எனக்கோ மாநிலப் போட்டிக்குப் போகிற பஸ்ஸில் எப்படியும் ஏறிவிட வேண்டும் என்ற வெறி.

ஆனால் கீழே போடுவதற்கு முன்னால் அடிக்க வேண்டுமே! பிராக்டீஸில் பத்துப் பந்துக்கு எட்டைக் கோட்டை விட்டேன். காரணத்தைக் கண்டுபிடித்தவள் ஹுமேரா. கோட்டைமேட்டுக்காரி, என் வகுப்பு, எங்கள் அணியின் கேட்சர். மட்டை பிடிப்பவளுக்குப் பின்னால் குத்தவைத்துப் பந்து பிடிப்பது அவள் வேலை. அதனால் என் மட்டை போகிற வழி அவளுக்குத்தான் முழுசாகத் தெரியும்.

"ஏண்டி லோகு, பந்து வர்றப்ப உம் மட்டை எங்க போகுதுன்னு தெரியுமா? தோள்ல இருந்து முட்டி வரைக்கும் எறங்கி, அப்புறம் மேல வருது. அது ஊர் சுத்திட்டு வர்றதுக்குள்ள பந்து என் கையில கெடக்கு."

மறுநாள் அவள் ஒரு ஹாக்கி மட்டையோடு வந்தாள். அதை என் பின்னால், தோளுக்குக் கொஞ்சம் கீழே, படுக்கைவாட்டில் நீட்டிப் பிடித்தாள். நான் பந்தில்லாமல் மெதுவாக வீச வேண்டும். என் மட்டை கீழே இறங்கினால் அதில் இடிக்கும். டக். மறுபடி வீசினேன். டக். ஒரு வாரம் முழுக்க டக், டக், டக். பொறுக்க முடியாமல் மட்டையைத் தூக்கி எறிந்தேன்.

"அப்படித்தான்டி! அடிச்சப்புறமும் இப்படியே போடு" என்றாள் பாவி.

இன்னொன்றும் சொன்னாள்: "கையால அடிக்காத. இடுப்பு மொதல்ல திரும்பட்டும், கை தானா வரும்." அது எனக்குச் சட்டென்று புரிந்தது. களத்தில் சோளத்தட்டுக் கட்டுகளை வண்டியிலிருந்து தட்டுப்போரின் மேல் வீசும்போது அப்படித்தானே! இடுப்பைத் திருப்பாமல் கையால் மட்டும் வீசினால் கட்டு காலடியில் விழும். அட, இவ்வளவுதானா!

ஃபைனல் பொள்ளாச்சி அணியோடு. கடைசி இன்னிங்ஸ், நாலுக்கு நாலு, எங்களில் இரண்டு பேர் அவுட், மூன்றாவது ஆளும் போனால் எங்கள் ஆட்டம் முடிந்தது. எங்களுக்குப் பந்து வீசிய மாசாணிக்குத் தோள் பிடித்துக்கொண்டது. ஆட்டம் இன்னும் நீண்டால் தோற்பது உறுதி. மூன்றாவது பேஸில் எங்கள் நித்யஸ்ரீ நிற்கிறாள். அவள் ஹோமுக்கு, அதாவது மட்டை பிடிக்கிற இடத்துக்கு, வந்து சேர்ந்தால் ஜெயித்தோம். ஆனால் நான் முதல் பேஸைத் தொடுவதற்குள் பந்து அங்கே போய்விட்டால், அவள் வந்ததும் செல்லாது. மட்டையோடு நான் போய் நின்றேன். அம்பயர் அதே ஆள்.

அணிக்கே ஒரு ஹெல்மெட்தான், அதுவும் என் தலைக்குப் பெரிது. முதல் பந்துக்கு அது கண்ணை மறைத்தது. விட்டேன். இரண்டாவது பந்துக்கு மட்டை பழைய புத்தியில் முட்டிக்கு இறங்கியது. அதையும் விட்டேன். மூன்றாவதையும் விட்டால் கதை முடிந்தது.

பெஞ்சிலிருந்து ஹுமேரா கத்தினாள்: "டக்!"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கைகளைத் தோளுக்குப் பக்கத்தில் ஏற்றினேன். மட்டை காதுக்குப் பின்னால் சாய்ந்து நின்றது. பாரம் பின்னங்காலில். பந்து வந்தது. முன்னங்கால் ஊன்றியது, இடுப்பு திரும்பியது, கை தானாக வந்தது. படார்! உள்ளங்கையில் வலியே இல்லை. ஐயோ, அந்தச் சத்தத்தை இன்னொரு தரம் கேட்க என்ன வேண்டுமானாலும் தருவேன்!

பந்து தரையோடு பாய்ந்தது. பொள்ளாச்சிக்காரி ஒருத்தி விழுந்து அதை மடக்கினாள். நான் ஓடுகிறேன். நாலு எட்டு ஓடின பிறகுதான் தெரிகிறது, மட்டை கையிலேயே இருக்கிறது!

"போடுடீ!" என்று மொத்தப் பெஞ்சும் அலறியது. வீசி எறிந்தேன். அதற்குள் பொள்ளாச்சிக்காரி எழுந்து முதல் பேஸுக்குப் பந்தை எறிந்துவிட்டாள். மூட்டை இன்னும் தூரத்தில் இருந்தது. யோசிக்கவெல்லாம் நேரமில்லை. களத்தில் ஆயிரம் தடவை செய்ததையே உடம்பு செய்தது. குனிந்து, பாய்ந்து, கையை முழு நீளத்துக்கு நீட்டினேன். இந்தத் தடவை கையில் மட்டை இல்லை. ஐந்து விரலும் மூட்டையில் பதிந்த பிறகுதான் தலைக்கு மேலே பந்து கையுறையில் அறையும் சத்தம் கேட்டது.

வாயெல்லாம் செம்மண். மூட்டையை விடாமல் படுத்துக்கொண்டே கத்தினேன்: "நாந்தானுங்க தொட்டேன்! மட்டை இல்லீங்க!"

அம்பயர் இரண்டு கையையும் அகல விரித்தார். சேஃப், அவுட் இல்லை.

அதற்குப் பிறகு என் மேல் எத்தனை பேர் விழுந்தார்கள் என்று எண்ணவில்லை. ஹுமேரா என் ஹெல்மெட்டைத் தட்டித் தட்டியே காதைச் செவிடாக்கினாள். கூட்டம் விலகியபோது எதிரே மேடம் நின்றிருந்தார்.

"நாலு எட்டு மட்டையோட ஓடுன. எண்ணிட்டுத்தான் இருந்தேன்."

சந்தோஷமெல்லாம் வடிந்துவிட்டது. "ஆமாங்க மேடம்" என்றேன்.

மேடம் என் முழங்கையில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டிவிட்டார். "சனிக்கிழமை காலைல ஆறு மணிக்குப் பஸ்ஸு. நீ வெறுங்கையோட வா கண்ணு. மட்டைய நான் கொண்டாரேன்."