ஸ்டாப் இல்லாத இடம்

கடைசி நாற்காலியை விரித்துப் போட்டு டிரைவர் நிமிர்ந்தபோது வாசலில் முன்பின் தெரியாத இருவர் நின்றிருந்தார்கள்.

"சார், பின்சீட்டு வீடு இதுதானா?"

அவருக்கு விளங்கவில்லை. ஓய்வு பெற்று வருஷங்கள் ஆகியும் தெருவுக்கு அவர் டிரைவர்தான். "அப்படி யாரும் இல்லப்பா. இது சாவு வீடு. எம் பையன் போயிட்டான்."

"அவரத்தான் சார் கேக்கறோம்," என்றான் கண்ணாடிக்காரன். கூட வந்த தாடிக்காரன் பொலபொலவென்று அழுதுவிட்டான். டிரைவருக்குக் கூச்சமாக இருந்தது. நெஞ்சுவலி என்று ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன மகன் நடுக்கூடத்தில் படுத்திருக்கிறான். பெற்றவர் கண்ணில் இன்னும் ஒரு சொட்டு வரவில்லை.

"பஸ் ஓட்டுற கேம்ல பழக்கம் சார். அங்க அவர் பேரு பின்சீட்டு. இன்னிக்குத்தான் அவர் முகத்தையே பாக்கறோம்."

அந்தக் கேமைப் பற்றி டிரைவர் ஊரெல்லாம் சொல்லிச் சிரித்த வசனம் ஒன்று உண்டு: 'அவனவன் வண்டி ஓட்டிச் சோறு தின்பான், எம்புள்ள சோறு தின்னுட்டு வண்டி ஓட்டுறான்.'

"உங்க பஸ்ஸை அப்படியே கேமுக்குள்ள செஞ்சு எல்லாருக்கும் சும்மாவே குடுத்தாரு சார். கியர் முனகுறது, மழையில வைப்பர் இழுக்குறது, வளைவுக்கு முன்னாடி நீங்க ரெண்டு தடவ ஹாரன் அடிக்கறது... ஒண்ணு விடல. எப்படி இவ்வளவு தெரியும்னு கேட்டா, 'எங்கப்பா பக்கத்துல உக்காந்து பொறுமையா சொல்லித் தந்தாரு'ம்பாரு."

"ஆமா," என்றார் டிரைவர்.

மகனின் தலைமாட்டில் இருந்த மனைவி நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

எதைச் சொல்லித் தந்தார்? அவர் வேலையில் இருந்தபோது மகன் தினமும் அவருடைய பஸ்ஸில் ஏறுவான். கடைசி சீட்டில் போனை நீட்டிப் பிடித்தபடி உட்கார்ந்திருப்பான். வேலைவெட்டி இல்லாமல் ஊர் சுற்றுகிறான் என்றுதான் அவர் நினைத்தார். "பின்சீட்டுக்குப் பட்டா போட்டாச்சு போல," என்று கண்டக்டர் கிண்டலடித்த அன்று அவருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பாலம் இறங்கியதும் பிரேக்கை மிதித்தார். "எறங்குடா, தண்டச்சோறு!" பஸ்ஸே சிரித்தது. மகன் போனை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு இறங்கினான். அதன் பிறகு அவர் வண்டியில் ஏறவே இல்லை.

"ஒண்ணுதான் சார் புரியல," தாடிக்காரன் மூக்கைத் துடைத்துக்கொண்டான். "கேம்ல பாலம் இறங்கினதும் ஸ்டாப்பே இல்லாத இடத்துல பஸ் நிக்கும். ஒரே ஒரு ஆள் இறங்குவான். தப்பா இருக்கு, சரி பண்ணுங்கன்னு எல்லாரும் எழுதினோம். மத்த தப்பெல்லாம் சொன்ன உடனே திருத்துறவர், 'அது சரியாத்தான் இருக்கு'ன்னுட்டாரு. அங்க ஸ்டாப் இருந்துச்சா சார்?"

"இருந்துச்சு. அப்புறம் எடுத்துட்டாங்க."

"நான் சொல்லல? அவர் தப்பே பண்ண மாட்டாரு!" என்றான் கண்ணாடிக்காரன். டிரைவருக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. மனைவி இந்த முறை திரும்பிப் பார்க்கக்கூட இல்லை.

வண்டி வந்தது. மகனைப் பின்னால் ஏற்றினார்கள். இருவரும் அவன் பக்கத்தில் உட்கார்ந்தார்கள்; டிரைவர் பழக்கத்தில் முன்னால் ஏறிக்கொண்டார். வண்டி பாலம் இறங்கியது.

"இங்க நிறுத்துப்பா."

"இங்கயா? ஸ்டாப் எதுவும் இல்லையே பெரியவரே," என்றான் வண்டி ஓட்டுகிறவன்.

"நிறுத்து."

வண்டி நின்றது. பின்னால் வந்த லாரிக்காரன் ஹாரனை அமுக்கித் திட்டினான். டிரைவர் கதவைத் திறந்து இறங்கினார். கைப்பிடிச் சுவரும் குப்பையும் தவிர அங்கே ஒன்றும் இல்லை. பின்பக்கக் கண்ணாடி வழியே இருவரும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"ஏறுங்க, நேரமாகுது!"

அவர் முன்கதவைச் சாத்தினார். சுற்றிக்கொண்டு பின்னால் வந்தார். தாடிக்காரன் ஒன்றும் கேட்காமல் நகர்ந்து இடம் விட்டான். மகனின் காலடியில் இருந்த கடைசி சீட்டில் டிரைவர் உட்கார்ந்தார்.