தொண்ணூற்றேழை வைப்பதா, விடுவதா

1

அமெரிக்கக் கால்பந்து எனக்குத் தெரியாது. கொழும்பு வெள்ளவத்தையில் ஒரு நண்பர் வீட்டில், யாரோ மறந்துவிட்டுப் போன வீடியோ நாடாவில் சில நிமிடங்கள் பார்த்ததோடு சரி. நடுவில் ஒரு பெருத்த மனிதர் நின்றார். எல்லாரும் எங்கெங்கோ ஓடினார்கள். அவர் நின்ற இடத்திலேயே நின்றார். அவர் அப்படி நின்றதில் கிடைத்ததுதான் இந்தக் கதை. மற்றதெல்லாம் கற்பனை.

பிறகு தேடிப் படித்ததில் இவ்வளவு புரிந்தது: பெயரில்தான் கால். ஆட்டத்தில் பந்தைக் கையால் அணைத்துக்கொண்டு ஓடுகிறார்கள். நடுவால் ஓடி வருகிறவனை மறிப்பதே தடுப்பின் முதல் வேலை. என் கதையில் வரும் அணி போன பருவம் முழுக்க நடுவால் வழிவிட்டுத் தோற்றது. இப்போது போட்டி இல்லாத மாதங்கள். ஓட்டையை அடைக்க வேண்டும்.

2

ஒரு மழை நாளில் பேர்ணடெற் ரீச்சர்—

(மழை வேண்டாம். ஆண்டு 1996. மழை இல்லாமல் நீர்த்தேக்கங்கள் வற்றித்தான் கொழும்பு முழுக்க மின்வெட்டு.)

மின்சாரம் வந்ததும் பேர்ணடெற் ரீச்சர் கொட்டாஞ்சேனையில் அலவியின் வீடியோக் கடைக்கு நடந்தார். பள்ளியில் வலைப்பந்து பழக்குகிறவர். அவருடைய தம்பி றேமண்ட் அமெரிக்காவுக்குப் படிக்கப் போய், அந்த அணியின் நாடாக்களை வெட்டி ஒட்டும் அறையில் வேலைக்கு அமர்ந்தவன். எது சரி, எது பிழை என்று அக்காவிடம் கேட்காமல் அவனுக்கு எதுவும் ஓடாது. நாடாக்களையும் அனுப்பிவைத்தான்.

அலவியின் பழைய வீடியோ டெக்கில், முறை வேறானதால், அமெரிக்க நாடா நிறமில்லாமல்தான் ஓடும். சத்தம் சுத்தமாக இல்லை. கறுப்பு வெள்ளைக் கலங்கலில் பந்து எங்கே போனது என்று இருவருக்கும் தெரியவில்லை.

“இந்தக் குடோன் என்னத்துக்கு ஈக்கிறான், டீச்சர்?” அலவி டிவித் திரையில் விரல் வைத்தார். அங்கே நின்ற பெருத்தவரின் முதுகில் எண் தொண்ணூற்றேழு. “ஒருத்தனயும் புடிக்கிறல்ல.”

“வயித்தப் பாத்தா தெரியேல்லையா? சாப்பாட்டுக்கு வந்தவர்.”

“என்னயும் சேத்துத்தான் செல்றீங்க.”

“நீங்க கடை திறந்து வச்சிருக்கிறீங்க, அலவி. அவருக்குச் சும்மா சம்பளம்.”

ஞாயிற்றுக்கிழமை றேமண்ட் கடைத் தொலைபேசிக்கு அழைத்து, தொண்ணூற்றேழை அணியில் வைப்பதா விடுவதா என்று கேட்டபோது ரீச்சர் யோசிக்கவே இல்லை. “தொண்ணூற்றேழை விடச் சொல்லு.”

“கோச்சும் அதைத்தான் சொல்லுறார், அக்கா.” அவன் குரலில் நிம்மதி தெரிந்தது.

2, மறுபடியும்

(என் சந்தேகம் இங்கேதான். கொட்டாஞ்சேனை ரீச்சர் ஒருவர் அமெரிக்க அணியைத் திருத்துவாரா? வாசகர் சிரிப்பார். அதனால்தான் முதலில் அவரைத் தவறு செய்ய விட்டேன். தவறு செய்த பிறகு அவரை என்னால் நம்ப முடிந்தது.)

பொலிஸ் வீடு வீடாகத் தேடும் சுற்றிவளைப்பு ஒன்றும் எழுதிப் பார்த்தேன். ரீச்சர் வாசலை மறித்து இரண்டு பொலிஸ்காரரைப் பேச்சில் நிறுத்திவைக்க, உள்ளே வாடகைக்கு இருந்தவர்கள்—

(அடித்துவிட்டேன். அவரையும் தொண்ணூற்றேழையும் ஒன்றாக்கிக் காட்டுவதற்காக நான் கட்டிய பொய் அது. பொலிஸ் வந்த இரவுகளில் ரீச்சரும் எல்லாரையும் போல் கதவைத் திறந்து, பொலிஸில் பதிந்த துண்டைக் காட்டிவிட்டுத்தான் நின்றார்.)

3

நடந்தது இவ்வளவுதான். பந்து தெரியாததால் ரீச்சர் கால்களைப் பார்க்கத் தொடங்கினார்.

ஒவ்வொரு முறையும் தொண்ணூற்றேழின் காலுக்கு எதிரே இரண்டு சோடிக் கால்கள். இரண்டு பேர் சேர்ந்து தள்ளுகிறார்கள். அவர் பின்னால் போகவில்லை. அவர் யாரையும் பிடிக்காததற்குக் காரணம், அவரைப் பிடித்துக்கொள்ள இரண்டு பேர் தேவைப்பட்டதுதான். அதனால் அவருக்குப் பின்னால் நிற்கும் இரண்டு இளைஞர்களை மறிக்க ஆள் இல்லை. அவர்கள் காத்து நின்றிருந்தால் ஓடி வருகிறவன் நேரே அவர்களின் கையில் விழுந்திருப்பான். ஆனால் அவர்கள் நிற்கவில்லை. பந்து போவதுபோல் யாராவது பாவனை காட்டினால் போதும், அந்தப் பக்கம் பாய்ந்துவிடுகிறார்கள். வெறுமையான இடத்தால் பந்தை வைத்திருப்பவன் ஓடுகிறான்.

“அலவி, திரும்பப் போடுங்க.”

“கரண்ட் போகப் போகுது, டீச்சர்.”

“போறதுக்கு முந்திப் போடுங்க.”

அடுத்த நாள் மைதானத்தில் பிள்ளைகளைப் பந்தில்லாமல் விளையாட வைத்தார். எதிரே நிற்பவளின் கால் எந்தப் பக்கம் ஊன்றுகிறது என்று பார்த்த பிறகுதான் அசையலாம். பிள்ளைகள் முதலில் சிரித்தார்கள். பிறகு யாரும் ஏமாறவில்லை. தம்பியின் அணிக்கும் புது ஆள் வேண்டாம். அந்த இரண்டு பேருக்கும் இப்படிப் பந்தில்லாத பயிற்சி சில மாதம் கொடுத்தால் போதும், ஓட்டை அடைபடும். தொண்ணூற்றேழு மட்டும் போகக்கூடாது. அவர் போனால் அந்த இரண்டு பேரையும் காப்பாற்ற யாரும் இல்லை.

அன்று மாலை வீட்டில் அவர் விளக்கில்லாமல் உட்கார்ந்திருந்தார். முகம் தெரியாத ஒரு மனிதரிடம் இவ்வளவு மரியாதை வரும் என்று அவர் நினைத்திருக்கவில்லை. (நானும்.)

4

அடுத்த ஞாயிறு கடைத் தொலைபேசியில் றேமண்ட்: “அக்கா, வெள்ளிக்கிழமை கூட்டம். கோச் ஒவ்வொருத்தரா கேப்பார்.”

“பின்னால நிக்கிற ரெண்டு பேரும் ஆர்?”

“கோச் தானே தேடிப் பிடிச்ச பெடியள். ஏன்?”

“அவையளில பிழை எண்டு ஒருத்தன் சொன்னா?”

றேமண்ட் சிரித்தான். “போன வருஷம் ஒருத்தன் சொன்னவன். இப்ப அவன்ர மேசையிலதான் நான் இருக்கிறன்.”

“உனக்கு வேலை போனா?”

“விசாவும் போகும். அங்கதான் வரவேணும்.” பிறகு, “நீங்க சொன்னதைத்தான் சொல்லப்போறன், அக்கா. விடச் சொல்லி. சரிதானே?”

அலவி கல்லாவில் குனிந்து எதையோ தேடுவதுபோல் இருந்தார். அந்த மாதம் அதே தெருவில் தம்பியின் வயதில் மூன்று தமிழ் இளைஞர்களைப் பொலிஸ் கொண்டு போயிருந்தது. ஒருவன்தான் திரும்பி வந்தான்.

ரீச்சர் பேசாமல் இருந்தாலே போதும். தம்பி அங்கேயே இருப்பான்.

“அக்கா? லைன்ல இருக்கிறீங்களா?”

“ஓம்.”

5

முடிவு ஒன்று: “வைக்கச் சொல்லு” என்கிறார். கோச் யோசித்துப் பார்க்கிறார். அடுத்த பருவம் யாரும் நடுவால் ஓடவில்லை. (எழுதி முடித்தபோது எனக்கே வெட்கமாக இருந்தது. உலகம் இவ்வளவு நல்லதாக இருந்தால் றேமண்ட் ஏன் இவ்வளவு தூரம் போனான்?)

முடிவு இரண்டு: “ஓம், சரி” என்று தொலைபேசியை வைக்கிறார். பிறகு அந்த நாடாவை அவர் ஒருபோதும்—

முடிவு மூன்று எழுதவில்லை.

அவர் உண்மையைச் சொல்ல வேண்டும் என்றுதான் எனக்கு ஆசை. இத்தனை பக்கமும் அவரை வியந்தது அதற்காகத்தான். ஆனால் என் வியப்புக்காக றேமண்ட் ஏன் விமானம் ஏற வேண்டும்? எனக்கு இதில் ஒன்றும் நஷ்டமில்லை. ஆகவே இதை முடிக்கும் உரிமை எனக்கு இல்லை.

உங்களிடம் தருகிறேன். அவரை “விடு” என்று சொல்ல வைத்தால், எங்கோ ஒரு பெருத்த மனிதர் உடைமாற்றும் அறையில் தன் அலுமாரியைக் காலி செய்வதை நீங்கள்தான் பார்க்க வேண்டும். “வை” என்று சொல்ல வைத்தால், அவனை அழைத்துவரக் கட்டுநாயக்கா விமான நிலையத்துக்கு நீங்களும் போங்கள். திரும்பி வரும் வழியில் முதல் சோதனைச் சாவடியில் றேமண்ட் அடையாள அட்டையை நீட்டும்போது, அவன் பக்கத்தில் நில்லுங்கள்.