சேணம் மட்டும் சொந்தம்

கிழக்கு வெளுத்து முடிவதற்குள் முப்பது கன்றுகளுக்குப் பண்ணையின் அடையாளச் சூடு போட்டாயிற்று. அம்ப்ரோஸ் சுருக்குக் கயிறு வீசி இழுத்து வருவான். மெக்சிகோக்காரன் செலெஸ்தினோ கன்றைக் கவிழ்த்துக் காலைப் பிடிப்பான். மயிர் பொசுங்கும் நாற்றத்தில்தான் டெக்சாஸின் அந்தப் பண்ணையில் பொழுது விடியும்.

அம்ப்ரோஸ் இருபது வயதுவரை அடிமையாக இருந்தவன். விடுதலையாகி மாட்டுக்குப் பின்னால் ஓடத் தொடங்கிப் பதினேழு வருஷம். இத்தனை காலத்தில் அவன் சேர்த்த சொத்து ஒரு சேணம்.

அன்று மாடு ஒன்று கூட்டத்தை விட்டு ஓடியது. கூட மேய்க்கும் ஓரின் குதிரையில் விரட்டினான். எலி வளையில் கால் இறங்கிக் குதிரை புரண்டது. குதிரை எழுந்துகொண்டது, ஓரின் எழவில்லை. முழங்காலுக்குக் கீழே எலும்பு தோலைக் கிழித்து வெளியே நின்றது.

டாக்டர் இருக்கும் ஊர் நாற்பது மைல். இருந்த ஒற்றை வண்டியில் நியூயார்க்கிலிருந்து வந்த புகைப்படக்காரரின் பெட்டிகள் ஏறியிருந்தன. ஒரு பெட்டி நிறையக் கைத்துப்பாக்கிகள். மாடு மேய்ப்பவன் இடுப்பில் துப்பாக்கி இல்லாவிட்டால் கிழக்கே யாரும் படம் வாங்க மாட்டார்களாம். முகாமில் இருந்ததோ ஒரே துப்பாக்கி. சமையல்காரர் பாம்பு அடிக்க வைத்திருந்தார், அதுவும் துருப்பிடித்தது.

மேய்ப்பவர்களில் வெள்ளைக்காரனான ஹார்லனுக்கு இரண்டு துப்பாக்கி கட்டிக் குதிரைமேல் ஏற்றியிருந்தார்கள். கறுப்பனும் மெக்சிகோக்காரனும் படத்தில் வேண்டாம், ஓரமாக நின்று கடிவாளம் பிடித்தால் போதும் என்று உத்தரவு. மாடு மேய்ப்பது யார், பெயர் வாங்குவது யார்!

அம்ப்ரோஸ் முதலாளி பிரெவிட்டிடம் ஓடினான்.

"ஐயா, வண்டியக் குடுங்க. ராத்திரிக்குள்ள ஓரின டாக்டர்கிட்ட சேத்துடறோம்."

"வண்டி படக்காரருக்கு. நாளன்னிக்குத் திரும்பும், அப்ப ஏத்திக்கோ."

"அதுக்குள்ள காலு அழுகிடுமே ஐயா."

"அவன விழச் சொன்னது நானாடா? போயி கடிவாளத்தப் பிடி."

"அப்ப குதிரையிலயாவது கொண்டு போறோம்."

பிரெவிட் சிரித்தார். "குதிரைத் தொடையப் பாரு, யார் சூடு இருக்குன்னு. குதிரை என்னுது. என்னைக் கேக்காம ஓட்டிட்டுப் போனா திருட்டு. குதிரை திருடினவன இந்தப் பக்கம் என்ன செய்வாங்கன்னு உனக்கு நான் சொல்லணுமா?"

சொல்ல வேண்டியதில்லை. மரமும் கயிறும் அவனுக்குத் தெரியும். அம்ப்ரோஸ் கையைப் பிசைந்துகொண்டு நின்றான். ஓரினின் முனகல் அங்கே வரை கேட்டது.

பிறகு திரும்பி நடந்தான். தன் குதிரையின் வாரை அவிழ்த்துச் சேணத்தை இறக்கித் தரையில் வைத்தான்.

"உங்க குதிரை உங்ககிட்டயே இருக்கட்டும் ஐயா. நாங்க நடக்கறோம்."

செலெஸ்தினோ தன் சேணத்தை அதன் பக்கத்தில் வைத்தான். ஒவ்வொருவராக மற்ற ஆறு பேரும் வந்தார்கள். கடைசியாக ஹார்லன் குதிரையிலிருந்து குதித்து, துப்பாக்கிகளை அவிழ்த்துப் பெட்டியில் போட்டுவிட்டுத் தன் சேணத்தையும் இறக்கி வைத்தான்.

"போங்கடா! சுத்துவட்டாரத்துல ஒரு பண்ணையிலயும் உங்களுக்கு வேலை கிடைக்காது!" பிரெவிட் கத்தினார்.

அது வெறும் மிரட்டல் இல்லை என்பது ஒன்பது பேருக்கும் தெரிந்திருந்தது.

ஓடைக்கரையில் இரண்டு மரக்கொம்பு வெட்டி, கம்பளியைக் கயிற்றால் இறுக்கி ஓரினைக் கிடத்தினார்கள். நாலு பேர் தூக்கினால் மற்றவர்கள் தோள் மாற்றத் தயாராக வர வேண்டும். சேணத்தையும் சுமக்க முடியாது. அம்ப்ரோஸ் தன் சேணத்தை ஒருமுறை தடவிப் பார்த்துவிட்டு விட்டு வந்தான். ஒன்பது சேணங்களும் வரிசையாகப் புல்லில் கிடந்தன.

"பாடை மாதிரி இல்ல தூக்கறீங்க! நான் இன்னும் சாகலடா," என்றான் ஓரின். அவன் உடம்பு அனலாகக் கொதித்தது.

குதிரை ஏறுவதற்கென்று தைத்த உயரக் குதிகால் பூட்ஸ். மூன்றாவது மைலில் எல்லோருக்கும் கால் கொப்பளித்தது. ஊர் போய்ச் சேருவதற்குள் ஓரினின் கால் தங்குமா, உயிர் தங்குமா, யாருக்கும் தெரியாது. அம்ப்ரோஸின் தோள் மரத்துப்போனது. தோள் மாற்றக் கேட்க வெட்கப்பட்டு அப்படியே நடந்தான்.

கொம்பின் அடியில் இன்னொரு தோள் நுழைந்தது. ஹார்லன். இத்தனை வருஷமும் 'ஏய் கறுப்பா' என்பதைத் தவிர வேறு பெயர் சொல்லிக் கூப்பிடாதவன்.

"விடுண்ணே, நான் மாத்திக்கறேன்."

அம்ப்ரோஸ் தோளை மாற்றிக் கொடுத்தான். இன்னும் முப்பத்தேழு மைல் இருந்தது.