படுத்தபடி அட்டென்ஷன்

1

இந்தக் கதை என் இடது பிருஷ்டத்தில் பிறந்தது.

மன்னிக்கவும். இதைவிட நாகரிகமான தொடக்கங்களையும் எழுதிப் பார்த்தேன். ‘போர்க்களப் புகையின் நடுவே, வெள்ளுடை தரித்த அந்த’ என்று ஒன்று கிளம்பியது. போர்க்களத்தை நான் கண்டதில்லை. புகை என்றால் பக்கத்து வீட்டுக்காரர் குப்பை கொளுத்துவதுதான் தெரியும். அந்த வாக்கியத்தை நட்டாற்றில் விட்டுவிட்டு உண்மைக்கே வருகிறேன். எனக்குக் கட்டி வந்திருந்தது. உட்கார்ந்து பிழைக்கிறவனுக்கு எங்கே வரக்கூடாதோ அங்கே.

கீறிவிட்ட டாக்டர், மருந்து வைத்துக் கட்ட ஒரு நர்ஸிடம் அனுப்பினார். ஐம்பதைத் தாண்டிய பெண்மணி. திரைக்கு அந்தப் பக்கம் நின்றபடியே, “குப்புறப் படுங்க” என்றார். என் மனைவி ஒரு வேலை சொன்னால் அது காதில் நுழைந்து, மூளையில் சில நாள் குடியிருந்து, பிறகுதான் கைகால்களுக்குப் போகும். அன்று மூளையைக் கேட்காமலே உடம்பு குப்புற விழுந்தது. குதிகால்கள் தாமாக ஒட்டிக்கொண்டன. பக்கத்துக் கட்டிலில் கைக்கட்டோடு உட்கார்ந்திருந்த, இதற்குச் சம்பந்தமே இல்லாத ஒருவரும் குப்புறப் படுத்துவிட்டார்.

“ஐயா, நீங்க இல்ல, எந்திரிங்க” என்றார் நர்ஸ்.

“சிஸ்டர், இந்தக் குரலை எங்க பிடிச்சீங்க?” என்று தலையணைக்குள்ளிருந்து கேட்டேன்.

“மிலிட்டரில. முதல்ல எனக்குக் குரலே கிடையாது. அது வந்த அன்னிக்கு ‘அட் ஈஸ்’ சொல்ல மறந்துட்டேன்.”

“அப்புறம்?”

“அப்புறம் என்ன? ஆடாம படுங்க.”

எனக்குக் கிடைத்த நிஜம் இவ்வளவுதான். மீதி முழுக்கக் கைச்சரக்கு.

(‘அட்டென்ஷன்’ என்றால் விறைப்பு. ‘அட் ஈஸ்’ என்றால் தளர்வு. விறைக்கச் சொன்னவரோ, அவருக்கு மேலே உள்ளவரோதான் தளர்த்த வேண்டும். என் கதையின் ராணுவ ஆஸ்பத்திரியில் எழுந்து நிற்க முடியாதவர்களும் விறைக்க வேண்டும்: கைகள் போர்வைக்கு மேலே, உடம்பை ஒட்டி, குதிகால்கள் சேர்ந்து, கண்கள் கூரையில். இதற்குப் ‘படுத்தபடி அட்டென்ஷன்’ என்று பெயர். சிரிக்கிறவர்கள் சிரித்துவிடுங்கள், பின்னால் இடம் கிடைக்காது.)

2

ஒரு பெண் ஏன் ராணுவ நர்ஸ் ஆகிறாள்?

முதலில் நாட்டுப்பற்று என்று எழுதினேன். எழுதி முடித்ததும் அவள் கையில் கொடி முளைத்துவிட்டது. கொடியைப் பிடித்துக்கொண்டு ஊசி போட முடியாது. அடுத்து, காதல் தோல்வி. என் மனைவி தோளுக்குப் பின்னாலிருந்து படித்துவிட்டுச் சொன்னாள்:

“காதல் தோத்தா மிலிட்டரிக்குப் போவாங்களா? அப்படின்னா உங்க தம்பி இந்நேரம் ஜெனரல் ஆகியிருக்கணுமே.”

அடித்துவிட்டேன். (வாக்கியத்தை.)

கடைசியில் இப்படி வைத்துக்கொண்டேன். அவள் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸ். நோயாளியைச் சுற்றி நிற்கும் உறவுக் கூட்டத்திடம், “கொஞ்சம் வெளிய இருங்க” என்பாள். யார் காதிலும் விழாது. அவர்களே “இந்தாம்மா, ஃபேனைக் கூட்டி வை” என்பார்கள். ஒருநாள் அப்படிக் கூட்டம் விலகாததால் ஆக்ஸிஜன் குழாயை ஒரு பெரியவர் மிதித்துக்கொண்டிருந்ததை வேறு யாருமே பார்க்கவில்லை. கண்டவள் இவள் ஒருத்திதான். அவர் காலைக் கையால் தூக்கி வைத்தாள். வாயால் சொல்லி நடக்கவில்லை. தன் ஒரு சொல்லுக்கு ஒரு அறை அடங்க வேண்டும், அது ஒரு உயிருக்குத் தேவை என்று அன்றைக்கு அவளுக்குப் பட்டது.

“அப்பா, மிலிட்டரில நர்ஸ்னா ஆபீசர்ப்பா. சல்யூட் அடிப்பாங்க.”

“உனக்கா? நீ கூப்பிட்டா நம்ம வீட்டு நாயே திரும்பாதேம்மா” என்றார் அப்பா, நாயைப் பார்த்துக்கொண்டே. நாயும் ஆமோதித்தது.

3

பயிற்சி. இங்கே எட்டுப் பக்கம் எழுதியிருந்தேன். மைதானம், பூட்ஸ், வியர்வை, மறுபடி பூட்ஸ். எனக்கே கால் வலித்ததால் நீக்கிவிட்டேன். ஒன்றை மட்டும் வைத்துக்கொள்வோம்: டிரில் மாஸ்டர் அவளைத் தண்ணீர்த் தொட்டியின் முன்னால் நிறுத்தினார்.

“தொட்டிக்கு ஆர்டர் குடும்மா.”

“அட்டென்ஷன்.”

“தொட்டி காதுல விழல.”

“அட்டென்ஷன்!”

“பெத்த பிள்ளையைத் தூங்க வைக்கிற மாதிரி இருக்கு. வயித்துலேருந்து எடு!”

அவள் வயிற்றில் அன்று காலை குடித்த தேநீரைத் தவிர எதுவும் இல்லை.

குரல் வராமலே வார்டுக்கு வந்து சேர்ந்தாள். பயிற்சிக்காலத்தின் கடைசிக் கட்டம். கட்டுப் போடுவதில், ஊசி குத்துவதில், யாருக்கு எப்போது ஜுரம் ஏறும் என்று முகம் பார்த்துச் சொல்வதில் அவளை மிஞ்ச ஆளில்லை. ஆனால் “எல்லாரும் படுங்க” என்றால் வார்டே சீட்டாடும். அவர்கள் அவளைக் கூப்பிட்ட பெயர் ‘கொசு மேடம்’. வைத்தவர் ஏழாம் கட்டில்.

ஏழாம் கட்டில் என்பவர் தொடையில் ஆபரேஷன் ஆகிக் கிடக்கும் சிப்பாய். இரண்டு பெண்களுக்குத் தகப்பன். அவள் உள்ளே நுழைந்ததும், “எங்கயோ கொசு பாடுதுப்பா, வலையைக் கட்டுங்க” என்பார். அவள் கட்டு மாற்றும்போது மட்டும் வாயை மூடிக்கொள்வார். வலி தெரியாமல் பிரிக்கத் தெரிந்தவள் அவள் ஒருத்திதான் என்பது அவருக்குத் தெரியும்.

தலைமை நர்ஸான மேட்ரன் ஒருநாள் அவளைக் கூப்பிட்டார்.

“இத பாரும்மா. நாளைக்குக் கர்னல் இன்ஸ்பெக்ஷன். நீ ஒரு தடவை சொல்லணும், வார்டு விறைக்கணும். விறைச்சா நீ ஆபீசர். இல்லேன்னா மூட்டையைக் கட்டு.”

“நல்லா கட்டுப் போடுறேனே மேடம்?”

“அது நர்ஸுக்கு. நீ ஆகப்போறது மிலிட்டரி நர்ஸு.”

4

கர்னல் வந்தார்.

[அவருக்கு ஒரு மீசை வைத்திருந்தேன். கதைகளில் வரும் எல்லாக் கர்னல்களுக்கும் மீசை இருப்பதால் மழித்துவிட்டேன். இப்போது அவர் முகம் உரித்த முட்டைபோல இருக்கிறது. மன்னிக்கவும் சார்.]

அவள் வாசலில் நின்றாள். வாயைத் திறந்தாள். எங்கிருந்து வந்தது என்று அவளுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

“வார்டு! அட்டென்ஷன்!”

ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. சீட்டுகள் தலையணைக்கடியில் பறந்தன. முப்பது ஜோடிக் கண்கள் கூரையில் ஒட்டிக்கொண்டன. ஒரு காலில் மாவுக்கட்டு உள்ளவர்கள் இருக்கிற குதிகாலை மாவுக்கட்டோடு சேர்த்து வைத்தார்கள். கர்னல் கட்டில் கட்டிலாக நடந்தார். யாரும் இருமக்கூட இல்லை.

“பிரமாதம்” என்றார் கர்னல். “வாங்க, அடுத்த வார்டையும் பார்த்துட்டு வருவோம்.”

அவள் அவர் பின்னால் போனாள். நடந்து போனாள் என்று சொல்ல முடியாது, மிதந்து போனாள். பிறந்ததிலிருந்து முதல் தடவையாக அவள் பேச்சை ஒரு அறை கேட்டிருக்கிறது. அந்தச் சந்தோஷத்தில் ஒரு சின்ன விஷயம் விட்டுப்போயிற்று. ‘அட் ஈஸ்’ சொல்லவில்லை.

5

வார்டு விறைத்தது விறைத்தபடி கிடந்தது.

மூன்றாம் கட்டில் உதடு அசையாமல் கேட்டார்: “அண்ணே, மேடம் மறந்துட்டாங்க போல. லூஸ் பண்ணிடலாமா?”

“அசைஞ்சே, மவனே, எந்திரிச்சு வந்து மிதிப்பேன்” என்றார் ஏழாம் கட்டில், கூரையைப் பார்த்தபடி. “கர்னல் வராண்டாலதான் நிக்கிறாரு. திரும்பி எட்டிப் பார்த்தா? இப்பத்தான் பாவம் அதுக்குக் குரல் வந்திருக்கு. கெடுத்துடாதீங்கடா.”

அவர் குதிகாலைச் சேர்த்த வேகத்தில் தொடைக்குள் ஏதோ விட்டுப்போயிருந்தது. போர்வைக்கு அடியில் வெதுவெதுப்பாக இருந்தது. முதலில் வியர்வை என்று நினைத்தார். பிறகு, இல்லை என்று தெரிந்துகொண்டார்.

இந்த இடத்தில் நான் தலையிட்டேன். அழைப்பு மணி அவர் கைக்குப் பக்கத்திலேயே தொங்குகிறது. ‘ஏழாம் கட்டில் மணியை அழுத்தினார்’ என்று எழுதினேன். அழுத்தவில்லை. ‘அழுத்தியே விட்டார்’ என்று எழுதினேன். ஊஹும். எனக்குப் பதவி எதுவும் இல்லை. என் ஆர்டரை அவர் எப்படி எடுப்பார்?

டீக்காரர் கேனோடு வந்தார். யாரும் டம்ளரை நீட்டவில்லை.

“என்னப்பா, டீ வேணாமா?”

ஒருவர் முகத்துக்கு நேரே கையை ஆட்டிப் பார்த்தார். இமைகூட அசையவில்லை. விஷயம் மெல்லப் புரிந்து, தொண்டையைச் செருமிக்கொண்டு, “அட் ஈஸ்!” என்று கத்தினார்.

“நீங்க சிவிலியன்ணே” என்றது மூன்றாம் கட்டிலின் உதட்டோரம்.

டீக்காரருக்கு ஏழாம் கட்டிலின் முகம் பிடிக்கவில்லை. டீக் கேனோடு வராண்டாவில் ஓடினார். கர்னலையும் பொருட்படுத்தாமல் அவள் முன்னால் போய் நின்றார்.

“மேடம், உங்க வார்டுல எல்லாரும் செத்துட்டாங்க. ஆனா கண்ணு திறந்திருக்கு!”

அவள் ஓடினாள். தொப்பி விழுந்தது. வாசலில் நின்று ஒரு பார்வை பார்த்தாள்: முப்பது பேரில் ஒரு முகம் மட்டும் சுண்ணாம்பு நிறத்தில் இருந்தது. போர்வையை விலக்கினாள். கட்டிலில் ஏறி, இரண்டு கைகளாலும் தொடையை அழுத்தி, முழு எடையையும் கொடுத்தாள்.

“சர்ஜனைக் கூப்பிடுங்கடா! எல்லாரும் கத்துங்கடா!”

வார்டு கத்தியது. ஊன்றுகோல்கள் பறந்தன. நடக்க முடியாத மூன்றாம் கட்டில் நடந்தே போனார்.

“ஏன் மணி அடிக்கல? ஏன்ப்பா அடிக்கல?” அவள் அழுதுகொண்டே அழுத்தினாள்.

“நீங்க இன்னும் அட் ஈஸ் சொல்லல மேடம்” என்றார் ஏழாம் கட்டில்.

6

இரண்டு பிரதிகளில் அவரைக் கொன்று பார்த்தேன். கதை கனமாக இருந்தது; பத்திரிகைக்காரர்களுக்குப் பிடித்திருக்கும்.

“அந்த ஆளைச் சாகடிச்சீங்கன்னா நாளைக்கு நீங்களே சமைச்சுக்கோங்க” என்றாள் மனைவி.

சர்ஜன் சரியான நேரத்தில் வந்துவிட்டார். விட்டுப்போன ரத்தக்குழாயை மறுபடி கட்டினார். ஏழாம் கட்டில் பிழைத்தார். (எனக்குச் சமைக்கத் தெரியாது.)

அத்தோடு விட்டிருக்கலாம். ஆனால் விசாரணை வந்தது. நீள மேசை. நடுவில் கர்னல், பக்கத்தில் மேட்ரன். எதிரே அவள், மூட்டையைக் கட்டி வைத்துவிட்டுத்தான் வந்திருந்தாள். கர்னலின் முட்டை முகம் பரவசத்தில் மின்னியது.

“என் சர்வீஸ்ல இப்படி ஒரு ஒழுங்கைப் பார்த்ததே இல்ல! ரத்தம் ஓடுது, ஒருத்தன் அசையல! எப்பேர்ப்பட்ட ஆபீசர் நீங்க! பாராட்டுப் பத்திரத்துக்கு எழுதப்போறேன்.”

அவள் மேட்ரனைப் பார்த்தாள். மேட்ரன் கூரையைப் பார்த்தார்.

“அது மட்டுமில்ல. இனி வாராவாரம் எல்லா வார்டுலயும் இந்தச் சோதனையை வைக்கணும்னு இருக்கேன். அட்டென்ஷன் சொல்லிட்டு அப்படியே விட்டுட வேண்டியது. எவன் தாங்குறான் பார்ப்போம். ஏழாம் கட்டில்கிட்டயும் கேட்டுட்டேன். ‘மேடம் வேணும்னுதான் சொல்லாம விட்டாங்க சார், எனக்கு வலியே இல்ல’ன்னு சத்தியம் பண்ணியிருக்கான். நீங்க ஒரு வார்த்தை சொன்னா முடிஞ்சுது. வேணும்னுதானே விட்டீங்க?”

7

முடிவு, முதல் வகை. “ஆமாம் சார்” என்கிறாள். தோளில் நட்சத்திரம் ஏறுகிறது. அப்பா நாயைக் கூட்டிக்கொண்டு விழாவுக்கு வருகிறார். அடுத்த வாரமே வேறொரு வார்டில் சோதனை. அங்கே நேற்றுத்தான் வயிற்றில் ஆபரேஷன் ஆன ஒரு பையன் குதிகால்களைச் சேர்த்து

[இதற்கு மேல் எழுத மாட்டேன்.]

முடிவு, இரண்டாம் வகை. “இல்லை சார், மறந்துட்டேன்” என்கிறாள். சோதனைத் திட்டம் செத்தது. அவளும் மூட்டையோடு வீட்டுக்கு. பொய்ச் சத்தியம் பண்ணியதற்கு ஏழாம் கட்டிலின் பதவி இறங்குகிறது. இரண்டு பெண்களையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு அவர் மனைவி கேட்கிறாள்: “யாரோ ஒரு நர்ஸுக்காக எதுக்குங்க நீங்க

[இதையும்தான்.]

முடிவு, மூன்றாம் வகை. கூரை இடிந்து கர்னல் தலையில் விழுகிறது.

“இது முடிவு இல்லங்க, ஓட்டம்” என்றாள் மனைவி.

கட்டு மாற்றும் கடைசி நாளன்று, இவ்வளவையும் நர்ஸுக்குப் படித்துக் காட்டினேன். குப்புறப் படுத்தபடி ஒரு ஆசிரியன் தன் கதையை வாசிப்பது கொஞ்சம் சங்கடம்தான். அவர் கை வேலை செய்துகொண்டிருந்தது.

“ஏழாம் கட்டில் இல்ல. பன்னிரண்டு” என்றார்.

தலையணையிலிருந்து தலையைத் தூக்கினேன். “அப்ப விசாரணை? நான் சும்மா கற்பனையா...”

“கர்னலுக்கு மீசை இருந்துச்சு.”

“சிஸ்டர், என்ன சொன்னீங்க? ஆமாவா, இல்லையா?”

பிளாஸ்டரை ஒட்டி, ஓரங்களை விரலால் நீவிவிட்டார். வலிக்கவே இல்லை.

“எதைச் சொல்லியிருந்தாலும் இந்த வயசுல இங்கதானே உங்க கட்டியைத் துடைச்சுட்டு இருப்பேன்? எழுதுறவர் நீங்க. எழுதுங்க.”

8

என்னால் முடியவில்லை. எனக்கு அந்தப் பெண்ணையும் பிடிக்கும், பன்னிரண்டாம் கட்டிலையும் பிடிக்கும். அடுத்த வார்டில் படுத்திருக்கும், நான் இன்னும் பெயர்கூட யோசிக்காத அந்தப் பையனையும் பிடிக்கும். ஆகவே உங்களிடம் தருகிறேன். உங்களுக்கு என்னைவிடக் கல்நெஞ்சோ, தைரியமோ இருக்கும்.

அறையைச் சொல்லிவிடுகிறேன், பிறகு சிரமம் இருக்காது. சக்கர நாற்காலி ஒன்று கதவுக்கு வெளியே வந்து நின்றிருக்கிறது. கதவு முழுக்க மூடவில்லை. “ஆமான்னு சொல்லுங்க மேடம்” என்று இடுக்கு வழியாக ஒரு கிசுகிசுப்பு வருகிறது. மேட்ரன் அது கேட்காத மாதிரி இருமுகிறார். கர்னல் பேனாவின் மூடியைக் கழற்றிவிட்டார். அவருக்குக் காத்திருந்து பழக்கமில்லை.

அவள் நிமிர்ந்து நிற்கிறாள். இந்தத் தடவை குரல் வயிற்றிலிருந்து வரும், அதைப் பற்றிக் கவலை வேண்டாம். எந்தப் பதிலானாலும் மரியாதை தேவை என்பதால், கடைசிச் சொல்லை நானே எழுதிவிட்டேன். அதற்கு முன்னால் ஒன்றே ஒன்றுதான் பாக்கி.

“……………, சார்.”