பட்டியலில் இல்லாத தசை

செவ்வாய்க்கிழமை காலை எட்டு மணிக்குத் திரை சிவப்பானது.

திட்ட அறையில் அவள் மட்டும் இருந்தாள். கதிர்வீச்சுப் பிரிவின் இயற்பியலாளர். யார் உடலில், எந்தத் திசையிலிருந்து, எவ்வளவு கதிர் பாய வேண்டும் என்று கணக்கிடுவது அவள் வேலை. திரையில் இருந்தது தொண்டைப் புற்றுநோய் வந்த ஒருவரின் கழுத்து. அவளுடைய அக்கா புருஷன்.

கழுத்தின் ஒவ்வொரு குறுக்குவெட்டிலும் டாக்டர் கோடுகள் வரைந்திருந்தார். கட்டியைச் சுற்றி ஒன்று. கதிர் அதிகம் படக்கூடாத உறுப்புகளைச் சுற்றி மற்றவை. ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர். தண்டுவடம் பச்சை. தாடை பச்சை. உமிழ்நீர்ச் சுரப்பிகள் பச்சை. ஒன்று மட்டும் சிவப்பு. விழுங்கு தசை.

கீழே ஒரு வரி மின்னியது. பட்டியலில் இல்லாத பெயர். திட்டத்தைத் திறக்க முடியாது.

அந்த வரியை எழுதிக் கொடுத்தவள் அவள்தான்.

சில வருஷங்களுக்கு முன்புவரை ஆளுக்கொரு பெயர் வைத்தார்கள். கண் வில்லையை ஒருவர் ‘கண்மணி’ என்பார், இன்னொருவர் ‘லென்ஸ் இ’ என்பார். இந்த டாக்டர் ‘தொடாதே’ என்று எழுதுவார். முடிந்த திட்டத்துக்கு ‘ஃபைனல்’ என்று பெயர். அதைத் திருத்தினால் ‘ஃபைனல் புதுசு’. அப்புறம் ‘நிஜமாவே ஃபைனல்’. ஓர் ஆஸ்பத்திரியின் திட்டத்தை இன்னோர் ஆஸ்பத்திரியில் திறந்தால் ஜோசியம்தான் பார்க்க வேண்டும். எட்டு ஆஸ்பத்திரிகளுக்கும் ஒரே பெயர்ப்பட்டியல் செய்ய ஒரு குழு போட்டார்கள். அவள் தலைவி.

பட்டியல் நன்றாகவே வந்தது. பெயரோடு அந்த உறுப்பு தாங்கும் உச்ச அளவும் ஒட்டிக்கொண்டிருந்தது. பெயரைக் கொடுத்தால் போதும், அளவைக் கணினி காவல் காக்கும். தவறுகள் குறைந்தன. எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள், டாக்டரைத் தவிர.

விழுங்கு தசைக்காக டாக்டர் மூன்று கூட்டங்களில் மல்லுக்கட்டினார். அதன் எல்லையை இரண்டு பேர் ஒரே மாதிரி வரைவதில்லை என்று அவள் நீக்கினாள். ‘இதர’ என்று ஒரு வகையாவது இருக்கட்டும் என்றார். எல்லோரும் எல்லாவற்றையும் அதில் கொட்டுவார்கள் என்று அதையும் நீக்கினாள். அவசரத்துக்கு மீறிப்போக ஒரு பொத்தான் இருந்தது. மென்பொருள்காரர்களிடம் தானே பேசி அதையும் எடுக்க வைத்தாள். பொய்ப் பெயர் பிடிபட்டால் திட்டம் அன்றே பூட்டப்படும் என்பது கடைசி விதி. அதையும் அவள்தான் எழுதினாள்.

அக்காவும் மாமாவும் நடையில் உட்கார்ந்திருந்தார்கள். மாமா பழைய சாமான்களை ஏலம் விடுகிறவர்.

“என்ன சின்னவளே, மெஷின் ரெடியா?”

“கொஞ்சம் லேட்டாகும் மாமா.”

“ஒரு தரம், ரெண்டு தரம் வரைக்கும் சொல்லிக்கோ. மூணாவது தரம் மட்டும் சொல்லிடாத.”

அக்கா அவர் கையில் அடித்தாள். “வாய வெச்சுக்கிட்டு சும்மா இருக்க மாட்டீங்களா?”

“வாய் போனா போகட்டும், உனக்கு நிம்மதி. சாப்பாடு உள்ள இறங்கணும், அவ்வளவுதான். அங்க ஒருத்தர் மூக்குல குழாயோட உக்காந்து சமையல் குறிப்பு படிக்கறாரு. பாக்க முடியல.”

அக்கா தங்கையைத் தள்ளிக்கொண்டு போனாள். “இறங்கும்லடி?”

“விழுங்கற தசையில கதிர் கம்மியா விழுந்தா இறங்கும்.”

“அப்ப கம்மியா விடு. இதுல என்ன யோசனை? நீதான எல்லாத்துக்கும் தலைவி?”

டாக்டர் தன் அறையில் வேறு யாருடைய நுரையீரலையோ வரைந்துகொண்டிருந்தார். அவள் சொன்னதைத் திரும்பிப் பார்க்காமல் கேட்டார்.

“பேரு சேக்கணும்னா?”

“குழு கூடணும் டாக்டர்.”

“கூட்டு.”

“அடுத்த கூட்டத்துக்கு மூணு மாசம் இருக்கு. எட்டு ஆஸ்பத்திரியும் ஒத்துக்கணும்.”

“யாரு போட்ட ரூல் அது?”

அவள் மேசையில் கிடந்த பேனாவை எடுத்து நேராக வைத்தாள்.

“தெரியாம கேக்கல. உன் வாயால கேக்கலாம்னு பாத்தேன்.”

“அந்தக் கோட்ட அழிச்சிட்டா திட்டம் திறந்துடும்.”

“திறந்துடும். குழாய் போடற இடம் மூணாவது மாடி. லிஃப்ட்ட விட்டு எறங்கினதும் இடது பக்கம்.”

அவள் திரும்பி வந்து பட்டியலை மேலிருந்து கீழே படித்தாள். அவளே செய்த பட்டியல்தான். இப்போதுதான் ஒரு நோயாளியின் வீட்டு ஆளாகப் படிக்கிறாள். அதில் சில உறுப்புகள் மாமாவிடம் கிடையாது. அவற்றுள் ஒன்றின் உச்ச அளவு, டாக்டர் அந்தத் தசைக்குக் கேட்ட அளவைவிடக் கொஞ்சம் கீழே இருந்தது.

நோயாளி ஆணா பெண்ணா என்று கணினி பார்க்காது. அந்தரங்கம் காக்க அந்த விவரத்தை மறைத்ததும் குழுதான்.

சிவப்புப் பெயரை அழித்தாள். கருப்பை என்று அடித்தாள்.

திரை பச்சையானது.

கையெழுத்துப் போட வந்த டாக்டர் திரையை வெகுநேரம் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்.

“முப்பது வருஷ சர்வீஸ். ஆம்பள கழுத்துல கருப்பைய இன்னிக்குத்தான் பாக்கறேன்.”

“பட்டியல்ல இருக்கற பேருதான் டாக்டர்.”

“இருக்கு, இருக்கு. ஒரு குத்தமும் சொல்ல முடியாது.” கையெழுத்துப் போட்டார். “சுகப்பிரசவம் ஆகட்டும்.”

மெஷினை இயக்கும் டெக்னீஷியனிடம் விஷயத்தைச் சொல்லி வைத்தாள். அவன் சிரிப்பை அடக்கத் தண்ணீர் குடித்தான். புரையேறியது.

சிகிச்சை ஏழு வாரம். நான்காவது வாரத்தில் மாமாவின் குரல் கரகரத்தது. கழுத்துத் தோல் கறுத்தது. ஆனால் தண்ணீர் இறங்கியது. குழைத்த சாப்பாடும் இறங்கியது. ஒவ்வொரு வாய்க்கும் அக்கா அவர் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள். “டிக்கெட் வாங்கிட்டுப் பாரு” என்றார் மாமா.

ஐந்தாவது வாரம் ஆய்வாளர் வந்தார். பட்டியலை எந்த ஆஸ்பத்திரி எவ்வளவு ஒழுங்காகப் பின்பற்றுகிறது என்று பார்க்க அனுப்பப்பட்டவர். இளைஞர். இஸ்திரி கலையாத சட்டை. முன்பு கிடங்குகளில் சரக்கு இருப்பைச் சரிபார்த்தவராம். திட்ட அறையில் அவள் நாற்காலியிலேயே உட்கார்ந்து திட்டங்களை ஒவ்வொன்றாகத் திறந்தார். நோயாளியின் விவரம் இருக்க வேண்டிய இடம் கறுப்பாக இருந்தது.

மாமாவின் கழுத்து வந்ததும் நிறுத்தினார்.

சுவருக்கு அப்பால் மெஷின் உறுமத் தொடங்கியது. மேசையில் இருந்த சிறிய திரையில் மாமா, தலை அசையாமல் பிடிக்கும் முகமூடிக்குள் படுத்திருந்தார். கால் பெருவிரலை ஆட்டிக்கொண்டிருந்தார். இன்னும் இரண்டு வாரம் பாக்கி.

“மேடம், எனக்கு மருத்துவம் தெரியாது. பேருங்கதான் தெரியும்.”

“ம்.”

“எட்டு ஆஸ்பத்திரியும் பாத்துட்டேன். முழு மார்க் வாங்கினது இந்த ஒரு திட்டம்தான். எல்லாப் பேரும் பட்டியல்படி, எல்லா அளவும் உச்சத்துக்குள்ள.”

அவள் கதவோரம் நின்றிருந்த டாக்டரைப் பார்த்தாள். டாக்டர் கூரையில் எதையோ தேடிக்கொண்டிருந்தார்.

“இன்னொண்ணும் கவனிச்சேன். தொண்டை கேஸ்ல மத்தவங்க யாருமே கருப்பைய வரையல. அப்படியே விட்டுட்டாங்க. நீங்க ஒருத்தர்தான் விடல.”

“தம்பி,” என்றார் டாக்டர், “அது...”

அவள் அவரைப் பார்த்த பார்வையில் டாக்டர் சொல்ல வந்ததை இருமலாக மாற்றிக்கொண்டார்.

சின்னத் திரையில் பெருவிரல் ஆடிக்கொண்டே இருந்தது. ஆய்வாளர் விசைப்பலகையை அருகில் இழுத்துக்கொண்டார்.

“இனிமே இந்தத் திட்டம்தான் மாதிரி. தொண்டை கேஸ் எதுவா இருந்தாலும் கருப்பை வரையலைன்னா திறக்காதுன்னு போட்டுடறேன். எட்டு ஆஸ்பத்திரிக்கும் இன்னிலேர்ந்தே. புதுப் பேரு சேத்தாத்தான் குழு கூடணும். இது இருக்கற பேருதான், தலைவி நீங்க சரின்னா போதும். போட்டுடவா மேடம்?”