தேனிலவுக்குப் போன ஓட்டல்

"சார், அந்தப் பளிங்குப் படி இன்னும் இருக்குமா?"

பல் ஆஸ்பத்திரி நர்ஸின் நிச்சயதார்த்த விருந்தில் இந்தக் கேள்வி வந்தபோது, அதே ஆஸ்பத்திரியில் வரவேற்பு மேசையில் வேலை பார்ப்பவள் வாய்க்குக் கொண்டுபோன கவளத்தை இலையிலேயே வைத்துவிட்டாள். நர்ஸ் கேட்டது அவளை அல்ல, பக்கத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்த அவள் கணவனை.

"தேனிலவுக்கு எங்கக்கா போனீங்க?" என்று நர்ஸ் ஒருநாள் கேட்க, பிரான்ஸ் என்று வாயில் வந்துவிட்டது. பிறகு ஒரு பொய்க்கு ஒன்பது பொய் துணைக்கு வந்தது. கடலைப் பார்த்த ஓட்டல், பளிங்குப் படி, சாயங்காலம் பியானோ வாசிக்கும் கிழவர், வைர மாலை போட்ட சீமாட்டி. எல்லாம் ஒரு பழைய இங்கிலீஷ் துப்பறியும் நாவலின் தமிழ் மொழிபெயர்ப்பிலிருந்து எடுத்தவை. அதில் சீமாட்டி கொலையாகிவிடுவாள். அதை மட்டும் இவள் சொல்லாமல் விட்டுவிட்டாள்.

கல்யாணமான புதிதில் அவளுக்கு மஞ்சள் காமாலை. ஒற்றை அறையில் படுத்த படுக்கை. மோட்டார் பட்டறையிலிருந்து வந்து, குளித்துவிட்டு, அந்த நாவலை அவன்தான் வாசித்துக் காட்டினான். துப்பறியும் துரைக்கு மூக்கால் பேசுவான். வயிறு வலிக்கச் சிரித்திருக்கிறாள். அவர்களுடைய தேனிலவு அவ்வளவுதான். அதைத்தான் அவள் யாரிடமும் சொல்லவில்லை.

அவன் மெதுவாக மென்று விழுங்கினான். ஒரு கணம் அவளைப் பார்த்தான்.

"இருக்கும்மா. ஆனா வழுக்கும், பாத்து இறங்கணும்."

"பியானோ தாத்தா?"

"அந்தாளை மட்டும் நம்பிடாதீங்க."

பந்தியே சிரித்தது. அவளால் முடியவில்லை. நாவலில் கொலைகாரன் அந்தக் கிழவன்தான்.

"நாங்களும் அங்கதான் போகணும்னு இவர்கிட்ட சொல்லிட்டேன்க்கா" என்றாள் நர்ஸ். அதைக் கேட்டவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

திரும்பும் பஸ்ஸில் ஜன்னலோர இடத்தை அவளுக்கு விட்டான்.

"வாய் தவறி வந்துடுச்சுங்க."

"பரவால்ல. நல்ல ஊருதான்." முன் இருக்கையைப் பார்த்தபடியே கேட்டான். "அவங்ககிட்ட நான் என்ன வேலை பாக்கறேன்னு சொல்லியிருக்க?"

அவளுக்குக் காது மடல் கொதித்தது.

"இன்ஜினியர்."

"ம்."

கண்டக்டர் டிக்கெட் கேட்டு வந்து நின்றார். அவன் இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து உட்கார்ந்திருந்தான். எத்தனை சோப்புப் போட்டாலும் நகக்கண்ணை விட்டுப் போகாத கிரீஸ் கறை அந்தக் கைகளில். கண்டக்டர் மறுபடி கேட்டும் அவன் கையை வெளியே எடுக்கவில்லை. அவள்தான் பையைத் திறந்து சில்லறையைத் துழாவினாள்.